பதினெட்டுத் துண்டு மஸ்கற்

சனிக்கிழமை காலை, ஒன்பது மணி இருக்கும். பஹ்மியா வீட்டுக் குசினியில் கத்தி கடைசி வரிசையை வெட்டி முடித்தது. மஸ்கற் கிண்ட வந்த உம்மு குல்சும் துண்டுகளை எண்ணினார். முப்பத்தாறு. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்ப எண்ணினார். முப்பத்தாறுதான். பஹ்மியா எண்ணினாள். மணப்பெண் றுமானா மருதாணிக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கண்ணாலேயே எண்ணினாள். யார் எண்ணினால் என்ன, மஸ்கற் குட்டியா போடும்?

இருக்க வேண்டியது ஐம்பத்துநான்கு.

கோதுமை மாவைக் கழுவிப் பாலெடுத்து, சீனியும் நெய்யும் விட்டு, கை ஓயும்வரை கிண்டி, கஜுப் பருப்புத் தூவி, தட்டில் ஆறவிட்டு வெட்டுகிற இனிப்பு அது. அன்று பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு, கலியாணத்துக்கு முந்திய சீராக அதைக் கிண்ணியாவுக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாப்பிள்ளை பக்கத்துச் சொந்தம் ஐம்பத்துநான்கு வீடு. வீட்டுக்கு ஒரு துண்டு என்று பஹ்மியா வாக்குக் கொடுத்திருந்தாள். மூத்த மகளின் கலியாணத்துக்கும் இதே உம்மு குல்சும்தான் கிண்டினார். அதே மா, அதே நெய், அதே இரண்டு அங்குலத் துண்டு. அப்போது சொல்லி வைத்தாற்போல ஐம்பத்துநான்கு வந்தது.

இப்போது பதினெட்டைக் காணோம். வெட்டுவதற்கு முன் தட்டு விளிம்புவரை நிரம்பித்தான் இருந்தது. மேலே ஒரு கீறல் இல்லை, ஒரு மூலை உடையவில்லை. இரவு முழுக்கச் சாமான் அறையில் பூட்டிக் கிடந்தது. திறப்புக் கொத்தோ பஹ்மியாவின் இடுப்பை விட்டு இறங்கவேயில்லை.

பஹ்மியா ஒரு காரியம் செய்தாள். யோசிக்கிறதுக்கு முதல் போனை எடுத்தாள். கிண்ணியாவில் இருக்கும் சம்பந்தி சுஹைராவிடம், "கிண்ட வந்த மனிசி கையை வைச்சிட்டா போல இருக்கு மச்சி" என்று சொல்லியும் விட்டாள். போனை வைத்த பிறகுதான் உம்மு குல்சும் பக்கத்திலேயே நிற்பது கண்ணில் பட்டது.

உம்மு குல்சும் சண்டைக்குப் போகவில்லை. கத்தியைக் கழுவித் துடைத்து வைத்தார். திருகோணமலையிலிருந்து மூதூர்வரை கலியாண வீடுகளில் மஸ்கற் கிண்டிப் பிழைக்கிறவர் அவர். கிண்ணியாவில் ஒரு வீட்டுக்குப் போன கதை, பொழுது படுவதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். கைசுத்தம் இல்லை என்ற பெயர் ஒருமுறை ஒட்டிவிட்டால், பிறகு எந்தக் குசினியும் அவருக்குத் திறக்காது.

"பொலிசைக் கூப்பிடுங்க" என்றார். "என்ட பையைக் கொட்டிப் பாக்கச் சொல்லுங்க. உண்மை தெரியாம நான் இந்த வாசலைத் தாண்டமாட்டன்."

பொலிஸ் மதிலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம், துறைமுகப் பொலிஸ் சார்ஜன்ட் குணரத்தினம் வேறொரு வழக்கில் மாட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தார். வழக்குப் போட்டவள் அவருடைய மகள் டிலுக்சி, தரம் ஆறு. திங்கட்கிழமை ரீச்சரிடம் காட்ட வேண்டிய கணக்கு. இரண்டு செவ்வகம் கீறியிருந்தது. ஒன்று எட்டு சென்ரிமீற்றர் நீளம், நாலு அகலம். மற்றது பத்து நீளம், இரண்டு அகலம். எதன் பரப்பளவு கூட?

குணரத்தினம் கெட்டிக்காரர். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகப்பட அவர் விடுவதும் இல்லை. எந்த இடத்தையும் ஒருதரம் சுற்றி வந்தால் உள்ளே இருப்பது பிடிபட்டுவிடும் என்பது அவருடைய கொள்கை. சம்பவ இடத்தில் போய் இறங்கியதும் முதல் வேலையாக மஞ்சள் நாடாவைச் சுற்றிக் கட்டுகிற மனிதர். ஆகவே செவ்வகத்தையும் சுற்றித்தான் வந்தார்.

"எட்டும் நாலும் பன்ரண்டு. அங்காலப் பக்கமும் பன்ரண்டு. மொத்தம் இருபத்திநாலு. மற்றதுக்குப் பத்தும் ரெண்டும் பன்ரண்டு, அங்காலையும் பன்ரண்டு. அதுவும் இருபத்திநாலு. ரெண்டும் சமன். எழுது பிள்ளை."

"அது சுற்றளவு அப்பா. கேட்டிருக்கிறது பரப்பளவு."

"சுத்து சமன் எண்டா உள்ளுக்கு இருக்கிறதும் சமன்தானே? அது எங்கை ஓடிப் போகப்போகுது? எழுதம்மா."

டிலுக்சி பென்சிலைக் கடித்தாள். எழுதவில்லை. அந்த நேரம் பார்த்து மதிலுக்கு மேலே பஹ்மியாவின் தலை தெரிந்தது.

"குணம் அண்ணன்! ஒருக்கா வாங்களன். களவு போயிட்டுது!"

அந்தச் சொல்லைக் கேட்டதும் மனிதருக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டும். கணக்கிலிருந்து விடுதலை! சாரத்தைக் கழற்றிக் காற்சட்டை மாட்டினார், அளவு நாடாவைப் பையில் போட்டார், தலையைக்கூட வாரிக்கொண்டார். தாய் சந்தைக்குப் போயிருந்ததால் டிலுக்சியும் கொப்பியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள்.

முதலில் சாமான் அறை. ஒரே கதவு. சின்ன யன்னல், அதற்கும் கம்பி வலை. பூனைகூட நுழைய ஏலாது. தட்டு வைத்திருந்த மேசையின் நாலு காலும் தண்ணீர்ச் சிரட்டைக்குள் நின்றன. எறும்பும் விடுதலை.

அடுத்தது தட்டு. அதைப் பார்த்ததும் குணரத்தினத்தின் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்தது. அது அவர் வாங்கி வந்த தட்டு. பஹ்மியா வீட்டுப் பழைய தட்டு அடி துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டினத்துக்குப் போக நின்றவரிடம், பழைய தட்டின் விளிம்பைச் சுற்றிக் கட்டுகிற பொன்னிற லேஸைக் கழற்றிக் கொடுத்து, "இந்த அளவில ஒன்டு பாத்து வாங்கிட்டு வாங்களன் அண்ணன்" என்று பஹ்மியா சொல்லிவிட்டிருந்தாள். தகரக் கடையில் இருந்த தட்டு அத்தனைக்கும் அவர் லேஸைச் சுற்றிப் பார்த்தார். ஒன்றில் நீண்டு தொங்கியது, ஒன்றில் எட்டவில்லை. கடைசியில் பேக்கரிக்காரருக்கென்று அடித்த நீட்டுத் தட்டில் நுனியும் நுனியும் முத்தமிட்டாற்போலப் பொருந்தியது. கொண்டுவந்து கொடுத்தபோது வீடே மெச்சியது. "கொஞ்சம் நீட்டு, கொஞ்சம் ஒடுக்கம். ஆனா அளவு அதே அளவு" என்று உம்மு குல்சும்கூடச் சொன்னார். உயரத்திலும் வித்தியாசமில்லை.

"தட்டில பிழை இல்லை" என்று குணரத்தினம் இப்போது தீர்ப்புச் சொன்னார். "அது நான் அளந்து வாங்கினது. இனி ஆக்களை விசாரிப்பம்."

பஹ்மியா கதிரையில் உட்கார்ந்தாள்.

"சாமான் ஆர் குடுத்தது?"

"நான்தான் அண்ணன். மூத்தவளுக்குக் குடுத்த அதே அளவு."

"எல்லாம் தாச்சிக்குள்ள போனதோ?"

"ஓம். நானே பக்கத்தில நின்டு கண்டன்."

"பிறகு?"

"பிறகு நான் றுமானாவைக் கூட்டிட்டுத் தையல்காரியிட்டப் போயிட்டன். வரக்குள்ள தட்டு நிரம்பி இருந்தது. உடனே அறையில வைச்சுப் பூட்டினன்."

அடுத்தது உம்மு குல்சும். அவர் கதிரையில் உட்காரவில்லை.

"அக்கா, கிண்டி முடிக்கக்குள்ள தாச்சியில எவ்வளவு இருந்தது?"

"எப்பவும் இருக்கிற அளவுதான். நெய் கக்கி, பதம் நல்லா வந்திருந்தது."

"தட்டில ஊத்தினது நீங்களோ?"

"இல்ல. பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லிட்டாங்க. பதம் வந்த பிறகு தாச்சியை அடுப்பில விட்டு வைக்க ஏலாது, இறுகிப் போகும். ஸஜ்ஜாத் தம்பிக்கிட்ட, விளிம்பு மட்டத்துக்கு ஊத்தி, கஜுவைத் தூவி, அகப்பையால தடவிவிடுங்க எண்டு சொல்லிட்டு நான் தொழப் போனன். தொழுதுட்டு வந்து பாத்தன், கண்ணாடி மாதிரித் தடவி வைச்சிருந்தார்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். கையில ஒரு விரல் நக்கினதுகூட இல்லை, சார்ஜன்ட்." குணரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்றாவது ஆள் ஸஜ்ஜாத், பஹ்மியாவின் மகன், மணப்பெண்ணின் தம்பி. தோளும் புயமும் ஆளைப் பார்த்தால் அடுப்படிக்கு ஏற்ற ஆள்தான். இஞ்சி போட்ட பிளேன்டீ ஒன்றை வைத்துச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டிருந்தான். முன்னால் இடியப்பம் தொடப்படாமல் கிடந்தது.

"நேற்று என்ன செய்தனீர் தம்பி?"

"கிண்டினன் அங்கிள். தோள் கழண்டு போச்சு. பிறகு ஊத்தினன்."

"எவ்வளவு?"

"மாமி சொன்ன மாதிரி, விளிம்பு மட்டத்துக்கு."

"அதுக்குப் பிறகு தட்டில இருந்து ஏதும் எடுத்தனீரோ?"

"சத்தியமா இல்லை அங்கிள். தட்டில கையே வைக்கல்ல."

கண் சிமிட்டாமல் சொன்னான். பொய் சொல்கிற ஆளைக் குணரத்தினத்துக்குத் தெரியும். இது பொய் இல்லை.

"ஏன் சாப்பிடாம இருக்கிறீர்?"

"வயிறு கொஞ்சம் சரியில்லை."

"பாவம், நேற்று அவ்வளவு வேலை" என்று தாய் பக்கத்தில் நின்று பரிந்து பேசினாள். "தேத்தண்ணி குடிச்ச கோப்பையைக்கூட எடுத்து வைக்காத பிள்ளை, அந்தப் பெரிய தாச்சியைத் தானே தேய்ச்சுக் கழுவிக் கவிட்டு வைச்சிருந்தான் எண்டாப் பாருங்களன்."

குணரத்தினம் முற்றத்துக்கு வந்து முருங்கை மரத்தடியில் நின்றார். மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தார். சாமான் சரி. தாச்சி சரி. தட்டு சரி. பூட்டுச் சரி. பையன் சொல்வது உண்மை. எல்லாரையும் கழித்தால் மிஞ்சுகிறவர் ஒருவர்தான். பஹ்மியா வீட்டில் இல்லாத நேரத்தில் தாச்சிக்குப் பொறுப்பாக நின்றவர். ஒரு விரல் நக்கினதுகூட இல்லை என்று அந்த மனிசி சொன்னது அவர் காதை விட்டுப் போகவில்லை. சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"அப்பா."

"பொறு பிள்ளை."

"அப்பா, ரெண்டும் சமன் இல்லை."

"சமன் எண்டு எழுதச் சொன்னனான் எல்லே?"

"நான் கட்டம் கீறிப் பாத்தனான். நீங்களே எண்ணுங்கோ."

கொப்பியை அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். சதுரக் கோட்டுத் தாளில் இரண்டு செவ்வகமும் நின்றன, உள்ளே கட்டம் கட்டமாக நிறம் தீட்டி. பிள்ளையைச் சமாளித்து அனுப்பிவிட்டால் போதும் என்று குணரத்தினம் விரலால் எண்ணத் தொடங்கினார். முதலாவதில் முப்பத்திரண்டு கட்டம். இரண்டாவதில் இருபது.

"நீ பிழையாக் கீறியிருக்கிறாய்."

"இல்லை அப்பா. சுத்தி வந்து பாருங்கோ. ரெண்டும் இருபத்திநாலுதான். ஆனா மற்றது ஒடுங்கிப் போச்சு. ஒடுங்கினா உள்ளுக்கு இடம் இல்லைத்தானே?"

சார்ஜன்ட் திரும்ப எண்ணினார். சுற்றி வந்தார், இருபத்திநாலு. உள்ளே போனார், இருபது. திரும்பவும் சுற்றி வந்தார். மூன்றாம் தரம் சுற்றும்போது அவருடைய விரல் பாதி வழியில் நின்றுவிட்டது. வாய் திறந்தபடி குசினிப் பக்கம் பார்த்தார். அங்கே மேசையில், பொன்னிற லேஸ் கட்டிய நீட்டுத் தட்டு பளபளத்துக்கொண்டிருந்தது.

"ஐயோ கடவுளே" என்றார்.

பிறகு மனிதர் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து பஹ்மியா பயந்துபோனாள். "பழைய தட்டு எங்கை?" என்று சத்தம் போட்டார். கிணற்றடியில் கோழிக்குத் தீன் வைக்க ஒதுக்கிப் போட்டிருந்தார்கள். தானே ஓடிப்போய் எடுத்து, தானே தேய்த்துக் கழுவி, நடுக்குசினியில் கொண்டுவந்து வைத்தார். ஓட்டையை மறைக்க ஒரு வாழையிலை விரித்தார். எல்லாரையும் கூப்பிட்டார்.

"அக்கா, அந்த முப்பத்தாறு துண்டையும் இதில அடுக்குங்கோ. ஒன்டோட ஒன்டு முட்ட."

உம்மு குல்சும் ஒன்றும் விளங்காமல் அடுக்கத் தொடங்கினார். அகலத்துக்கு ஆறு துண்டு பிடித்தது. ஒரு வரிசை, இரண்டு வரிசை என்று ஆறு வரிசையோடு மஸ்கற் முடிந்துபோனது. தட்டு முடியவில்லை. மூன்றில் ஒரு பங்கு வெறும் வாழையிலையாகக் கிடந்தது.

டிலுக்சி அந்த வெறும் இடத்தில் கையை வைத்து அளந்தாள். "இன்னும் மூன்டு வரிசை போகும். வரிசைக்கு ஆறு. பதினெட்டு."

குணரத்தினம் தொண்டையைச் செருமினார். இத்தனை வருடச் சேவையில் எத்தனையோ பேரை நிறுத்திக் குற்றம் சொன்னவர்தான். இன்றைக்கு மட்டும் வார்த்தை கொஞ்சம் தடக்கியது.

"இந்த வழக்கில குற்றவாளி ரெண்டு பேர். முதலாவது ஆள், தட்டு வாங்கப் போன சார்ஜன்ட் குணரத்தினம். சுத்து சரியெண்டா உள்ளும் சரி எண்டு நினைச்ச ஆள். லேஸ் ரெண்டு தட்டையும் ஒரே மாதிரித்தான் சுத்தும். ஆனா இது அகலத் தட்டு, அது ஒடுக்கத் தட்டு. பழைய தட்டுப் பிடிச்சதில மூன்டில ரெண்டு பங்குதான் புதுசு பிடிக்கும். விளிம்பு மட்டத்துக்கு நிரப்பினாலும் முப்பத்தாறுக்கு மேல ஒரு துண்டு வராது. தட்டில இருந்து ஒருத்தரும் எடுக்கல்ல. அந்தப் பதினெட்டும் தட்டுக்குள்ள போகவேயில்லை."

"அப்ப அது எங்க அண்ணன்?" என்றாள் பஹ்மியா.

"அதுக்குத்தான் ரெண்டாவது ஆள். நான் தட்டைப் பற்றியே கேட்டுக் கேட்டு, கேக்க வேண்டியதைக் கேக்காம விட்டிட்டன்." சார்ஜன்ட் திரும்பினார். "தம்பி ஸஜ்ஜாத். தட்டு நிரம்பின பிறகு தாச்சியில எவ்வளவு மிச்சம் இருந்தது?"

ஸஜ்ஜாத் பிளேன்டீக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான்.

"கொஞ்சம்... இருந்தது அங்கிள்."

"அந்தக் கொஞ்சத்துக்கு என்ன நடந்தது?"

"தாச்சி வழிக்கிறது கிண்டின ஆளுக்குத்தானே?" அவனுக்கு உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது. "எல்லா வீட்டிலயும் அப்பிடித்தானே! மாமியும் கிண்டக்குள்ள சொன்னவ, வழிக்கிற மிச்சம் உனக்கு எண்டு. இந்தத் தரம் மாமி நல்ல மனசோட கூடக் கிண்டியிருக்கிறா எண்டுதான் நினைச்சன். கடற்கரை ஜெட்டிக்குக் கொண்டு போனம். நானும் கூட்டாளி ஹஸ்மியும் வழிச்சம். முடியல்ல. பிறகும் வழிச்சம்."

"பதினெட்டுத் துண்டையும்?"

"துண்டு எண்டு தெரியாதே அங்கிள், கோப்பையில அள்ளித்தானே தின்டது!"

முதலில் சிரித்தது றுமானா. மருதாணிக் கையால் வாயைப் பொத்த முடியாமல் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு டிலுக்சி. பிறகு குணரத்தினமே. தேய்த்துக் கழுவிய தாச்சியின் இரகசியம் விளங்கியதும் பஹ்மியாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அது பாதியில் நின்றுவிட்டது. உம்மு குல்சும் மட்டும் சிரிக்கவில்லை என்பதை அவள் கண்டுவிட்டாள்.

பஹ்மியா அவருடைய இரண்டு கையையும் பிடித்தாள். "ராத்தா, என்ட நாக்கு அவசரப்பட்டுட்டு. நீங்க நின்டு கேட்டுக்கொண்டிருக்க அப்பிடிச் சொல்லிப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க."

"நீங்க எனக்கிட்டச் சொல்லல்ல தங்கச்சி" என்றார் உம்மு குல்சும். "கிண்ணியாவுக்குத்தான் சொன்னீங்க."

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பஹ்மியா போனை எடுத்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள். லேஸ், நீட்டுத் தட்டு, சார்ஜன்ட், ஜெட்டி, தாச்சி என்று ஒன்றையும் ஒளிக்காமல் சம்பந்தியிடம் முழுக்கதையும் சொன்னாள். "உம்மு குல்சும் ராத்தாவில எள்ளளவும் பிழை இல்லை மச்சி. பிழை எல்லாம் எங்கட பக்கம். நான் காலையில சொன்னதை நீங்க ஆருக்கும் சொல்லியிருந்தா, அவங்களுக்கும் இதைச் சொல்லிப்போடுங்க."

மறுமுனையில் சுஹைரா சிரித்த சிரிப்பில் போன் மேசையில் நடுங்கியது.

"சொன்னது நாலு வீட்டுக்குத்தான். இப்ப இதைப் பத்து வீட்டுக்குச் சொல்றன், கவலைப்படாதீங்க. முப்பத்தாறு துண்டு வரட்டும். மிச்சப் பதினெட்டு வீட்டுக்கும் உங்கட மகனை அனுப்புங்க. வாசல்ல நின்டு, உங்கட துண்டை நான்தான் தின்டன் எண்டு சொல்லிட்டுப் போகட்டும்."

ஸஜ்ஜாத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான்.

"அது சரி" என்றது போன். "கலியாணத்துக்கு மஸ்கற் ஆர் கிண்டுற? எங்கட பக்கத்துக்கும் இருநூறு துண்டு வேணும். அந்த ராத்தா வருவாவா, கேட்டுச் சொல்லுங்க."

பஹ்மியா உம்மு குல்சுமைப் பார்த்தாள். குசினியே அவரைப் பார்த்தது. உம்மு குல்சும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது அவர் முகத்திலேயே தெரிந்தது. போனுக்குக் கிட்டக் குனிந்தார்.

"வருவன் தங்கச்சி, கட்டாயம் வருவன். ஆனா ஒரு கதை. தாச்சியை நானே தட்டில கவிழ்ப்பன். தட்டு வாங்கப் போகக்குள்ள இந்த டிலுக்சிப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போவன். பொலிசுக்காரர் ஒருத்தரும் அந்தப் பக்கம் வரப்படாது."

"ஓம் அக்கா, வரமாட்டன்" என்று சார்ஜன்ட் குணரத்தினம் கையைத் தூக்கினார். எல்லாரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார், மகளைவிடச் சத்தமாக.